பரவாயில்லை என்றொரு வாக்கு

மும்தாஜ் அக்கா அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் தாரணிக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆனால் அக்கா சொல்லாமல் எப்படி இருப்பார்? காலில் வெந்நீர் கொட்டினாலும் அதைத்தான் சொல்வார்.

விஷயம் இதுதான். ஆறாம் குடியிருப்பின் பேருந்து நிறுத்தத்தில் அக்காவின் இட்லிக் கடை இருந்தது. ஏதோ ஒரு நாட்டுப் பிரதமர் வருகிறார் என்று கடையை அப்புறப்படுத்தினார்கள். பிரதமர் வந்தார், போனார். கடை மட்டும் திரும்பி வரவில்லை; அக்கா தன் வீட்டு முனையிலேயே இட்லி அவித்துக்கொண்டிருந்தார். தாரணிதான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், ரேஷன் கடைச் சுவரில் பதித்திருந்த குறைப்பெட்டி முன்னால் நிறுத்தினாள்.

அக்கா முறையிட்டார். பெட்டி பொறுமையாகக் கேட்டது. பிறகு வீட்டுக்கு வந்த நல்ல மருமகள் பேசுகிற குரலில் சொன்னது: “உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறேன். பழைய இடத்தைத் திருப்பித் தர இப்போது வழியில்லை.”

“பரவாயில்லம்மா” என்றார் அக்கா. “நீ என்ன பண்ணுவ, பாவம்.”

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. “உங்கள் சம்மதத்துக்கு நன்றி.”

தாரணி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க்கா, கடைய எடுத்துட்டாங்கன்னு சொல்லத்தானே வந்தோம்? எதுக்குப் பரவாயில்லன்னீங்க?”

“அது வருத்தப்படுதுல்ல தாரணி? வருத்தப்படுற பொண்ணுகிட்டப் போயி சண்டை போடச் சொல்றியா?”

“அது பொண்ணு இல்லக்கா. மெஷின்!”

“இருந்துட்டுப் போகட்டும். கேட்டுச்சே, அதுவே பெருசு.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வட்டாரத்துக் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இட்லிக் கடைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள்.

வடக்கே குளிர்காலத்தில் மூச்சுவிட முடியாமல் போனபோது, நாட்டின் தலைநகரைத் தெற்கே கொண்டுவந்து பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே கரிசல் காட்டில் நட்டார்கள். சுற்றிலும் ஒரு கோடு போட்டு, தேசியத் தலைநகர் வட்டாரம் என்று பெயர் வைத்தார்கள். கோட்டுக்கு உள்ளே எந்த மாநிலமும் கிடையாது. மாநிலம் இல்லையென்றால் சட்டமன்றம் இல்லை, தொகுதி இல்லை, எம்.பி. இல்லை, ஓட்டும் இல்லை. தலைநகர் எல்லோருக்கும் பொது, ஆகவே யாருக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது என்று பெரிய பெரிய வார்த்தைகளில் விளக்கினார்கள். கேட்க அழகாகத்தான் இருந்தது. அந்தத் தலைநகரைக் கட்டினவர்கள், பெருக்குகிறவர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், காவலுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் கோட்டுக்கு உள்ளேதான் குடியிருந்தார்கள். நாடே வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்ளும் நாளில், இவர்களுக்கு வாக்கு எண்ணும் மையத்தில் பந்தல் போடும் வேலை இருக்கும்.

கத்தினார்கள். ஊர்வலம் போனார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. ஓட்டைக் கொடுக்கவில்லை, ஓட்டைவிட உசத்தியானது என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தது. அதன் பெயர் பொதுக்குரல்.

பொதுக்குரல் என்பது ஒரு கணினி மனம். குறைப்பெட்டியில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், பேருந்து டிக்கெட் கருவியில் என்று வட்டாரத்து மக்கள் பேசுவதையெல்லாம் அது கேட்கும். கேட்டு, மொத்தத்தில் இவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று கணித்து, நாடாளுமன்றத்தில் இவர்கள் சார்பாகப் பேசும். வாக்கும் போடும். மற்றவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஓட்டு, வட்டாரத்து மக்களுக்கோ பேசுகிற ஒவ்வொரு பேச்சும் ஓட்டு என்று ஓர் அமைச்சர் தொலைக்காட்சியில் உருகினார். பெண் குரலில் பேசியதால் மக்கள் அதைக் குரலம்மா என்றார்கள். குரலம்மா போடும் ஓட்டுக்கு ஒரு வாலும் உண்டு. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். நாடாளுமன்றத்திலேயே வேலை பார்த்த தாரணிக்குக்கூட அந்த வாலைப் பற்றித் தெரியாது.

தாரணி அங்கே மொழிபெயர்ப்பாளர். அவையின் மேல்மாடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து, தமிழில் யார் பேசினாலும் பேசப் பேச ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். உறுப்பினர்களும் பார்வையாளர்களும் காதில் மாட்டியிருக்கும் கருவியில் அது கேட்கும். எந்தெந்த ஊர்க்காரர்களின் ஆசைகளையோ நாள் முழுக்க வாய் வலிக்கச் சொல்லிவிட்டு, தன் வாய்க்கென்று ஒரு ஓட்டு இல்லாமல் அவள் வீட்டுக்கு வருவாள். நல்ல கூத்து.

வீடு ஆறாம் குடியிருப்பில். அங்கே அவள் கணவன் சசி இருந்தான். வட்டாரப் பேருந்து ஓட்டினவன். சர்க்கரை வியாதி இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. ஆனால் ஆறாம் குடியிருப்புக்குள் அவனுக்குக் கோலும் வேண்டாம், கையும் வேண்டாம். இட்லி வேகிற வாசம் அக்கா வீட்டு முனை, மாவு மில் சத்தம் மூன்றாம் தெரு, வேப்பம்பழம் காலில் நசுங்கினால் பூங்கா என்று தன்பாட்டுக்குப் போய்வருவான். “இந்த ஏழு தெருவுல மட்டும் நான் கண்ணு தெரிஞ்சவன், தாரணி” என்பான். அவள் அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த ஏழு தெருவுக்குத்தான் ஆபத்து வந்தது. நாடாளுமன்ற வாசலிலிருந்து பார்த்தால் ஆறாம் குடியிருப்பின் மொட்டைமாடித் துணிகள் தெரிகின்றனவாம். பாதுகாப்புக்கும் கெடுதல், பார்வைக்கும் கெடுதல். குடியிருப்பை இடித்துவிட்டுப் புல்வெளி போட ஒரு மசோதா தயாரானது. அங்கே இருப்பவர்களுக்குக் கோட்டின் மறுமுனையில், தார்ச்சாலை முடிகிற இடத்தில் வீடு. கூட்டம் போட்டார்கள். ஒரு ஆள் பாக்கியில்லாமல் எல்லோரும் கூடாது என்றார்கள். நம் குரலம்மா இருக்கிறாள், எதிர்த்து ஓட்டுப் போடுவாள் என்று தைரியமாக இருந்தார்கள்.

மறுநாள் குடியிருப்பு வாசலில் இருந்த திரையில் வந்தது: ‘ஆறாம் குடியிருப்பு. மக்கள் மனநிலை: சம்மதம்.’

“யாருடா சம்மதிச்சது?” என்று தெருவே ஒருத்தரை ஒருத்தர் முறைத்தது.

தாரணி நேராகத் தன் மேலதிகாரி லோகேஸ்வரன் அறைக்குப் போனாள். லோகேஸ்வரன் கெட்டவர் இல்லை. தமிழ் நன்றாகப் படித்தவர், ஓய்வு பெறும் வயதில் யாரோடும் மோத விரும்பாதவர், அவ்வளவுதான்.

“சார், கூட்டத்துல அத்தன பேரும் கூடாதுன்னாங்க. அது எப்படி சம்மதம்னு போடுது?”

“கூட்டம் ஒரு சாயங்காலம் நடந்திருக்கும்மா. அது வருஷக்கணக்கா நீங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்கு. எடத்த மாத்துனா என்ன சொல்லுவீங்கன்னு பழைய பேச்ச வச்சுத்தான் கணிக்கும். தண்ணி வரலன்னா என்ன சொன்னாங்க? பஸ்ஸ நிறுத்துனப்ப என்ன சொன்னாங்க?”

தாரணி கேட்டாள்: “என்ன சொன்னாங்க?”

“பரவாயில்லன்னாங்க.”

“அதுக்குச் சம்மதம்னா சார் அர்த்தம்?”

லோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அவை அகராதி தயாரிச்சப்ப தமிழுக்கு நான்தாம்மா இருந்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கணும், மெஷின் குழம்பும்னாங்க. பரவாயில்லை, ஆட்சேபம் இல்லைன்னு போட்டேன். அதுல தப்பென்ன இருக்கு?”

“மாத்துங்க சார்.”

“அகராதிக் குழு கூடணும். ஓட்டுரிமை உள்ள உறுப்பினர் மூணு பேர் எழுதிக் கேட்டாத்தான் கூடும்.”

“எங்க குரலம்மா கேட்டா?”

“ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்னு சொன்னேன்ல?”

“அது ஓட்டுப் போடுதே சார்!”

“போடுது” என்றார் லோகேஸ்வரன். அந்தச் சொல்லை ஒரு மாதிரி இழுத்தார். தாரணி அப்போது அதைக் கவனிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்கு எங்கே காது கேட்கிறது!

மூன்று உறுப்பினர்களைப் பிடிக்கலாம் என்று அலைந்தாள். தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார வைத்து, டீ கொடுத்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில், “நீங்க எந்தத் தொகுதிம்மா?” என்றார்.

“எந்தத் தொகுதியும் இல்ல சார். வட்டாரம்.”

“அடடா. அப்ப நீங்க உங்க எம்.பி.யத்தானே பாக்கணும்?”

எங்க எம்.பி. ரேஷன் கடைச் சுவரில் இருக்கு சார் என்று சொல்ல வாய் துடித்தது. கும்பிட்டுவிட்டு வந்தாள். அடுத்தவர் டீகூடக் கொடுக்கவில்லை.

சரி, அகராதியை மாற்ற முடியாது, நம் வாயையாவது மாற்றுவோம் என்று கிளம்பினாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். “இன்னையிலேருந்து யாரும் பரவாயில்லன்னு சொல்லக் கூடாது. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க.” எல்லோரும் சரி என்றார்கள். அக்காவுக்கு மட்டும் சந்தேகம். “கடன் வாங்குனவன் திருப்பித் தரமுடியலன்னு கையப் பெசஞ்சுக்கிட்டு நிப்பானே, அவன்கிட்ட என்னன்னு சொல்றது?”

“எனக்குக் கஷ்டமாத்தான் இருக்குன்னு சொல்லுங்க.”

“அவன் நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவான், தாரணி.”

கொஞ்ச நாளிலேயே ஆறாம் குடியிருப்பு ஆளே மாறிப்போனது. பக்கத்து வீட்டுக் குழந்தை பந்தை எறிந்து கண்ணாடியை உடைத்தால், முன்பு ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். இப்போது நீதிமன்ற வழக்குப் போல வாதாடினார்கள். கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று சொன்ன சித்தப்பாவிடம், “ரொம்ப மனவருத்தம், மன்னிக்க முடியல” என்று ஒரு பெண் பேருந்தில் எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். சசியே ஒருநாள் அக்காவிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டான். அக்கா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் அந்த முனையில் தடுமாறி நின்றான். அவனுக்கு வழி காட்டினதே அக்காவின் ‘வாங்க சசி’ தான் என்று தாரணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

இத்தனைக்கும் பிறகு திரை மாறியது. தாரணி ஓடிப்போய்ப் பார்த்தாள். ‘ஆறாம் குடியிருப்பு. மக்கள் மனநிலை: கலக்கம். அண்டை வீட்டாரிடையே பிணக்கு. இடமாற்றம் நன்மை தரலாம்.’

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு என்றால் மனுஷர் என்னதான் செய்வது?

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சசி கிளம்பினான். தாரணியும் கூடப் போனாள். புல்வெளிக்கு அளவெடுக்க வந்தவர்கள் ரேஷன் கடை முன்னால் இரும்புத் தடுப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். முந்தின நாள் அது அங்கே இல்லை. சசி அதில் மோதி விழுந்தான். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. தடுப்புக்குக் காவலாக நின்ற பெண் காவலர் ஓடிவந்து, “பாத்து வரக் கூடாதா?” என்று சத்தம் போட்டாள். பிறகு அவன் கண்களைப் பார்த்துவிட்டு, “ஐயோ, சாரி சார், சாரி சார்” என்று பதறினாள்.

“பரவாயில்லம்மா” என்றான் சசி.

சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. “உங்கள் சம்மதத்துக்கு நன்றி.”

தாரணிக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். பெட்டியைக் கையால் ஓங்கி அறைந்தாள். “ஏய்! அவர் கால்ல ரத்தம் வருது. இதுவா சம்மதம்? உனக்கு அறிவிருக்கா?”

“அச்சொல்லின் பொருள் ஆட்சேபம் இல்லை என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது” என்றது குரலம்மா.

“எவன் கத்துக்குடுத்தா என்ன? நாங்க எங்கெங்க சொல்லுவோம்னு நான் சொல்றேன், கேளு. பஸ்ஸுல ஒருத்தன் கால மிதிப்பான், உயிர் போகும், சொல்லுவோம். நாலு மணி நேரம் வரிசையில நின்னப்புறம் கவுண்டர மூடுவாங்க, சொல்லுவோம். இவருக்கு இனிமே கண்ணு வராதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த டாக்டருக்குச் சின்ன வயசு, சொல்லும்போது அவருக்கே குரல் நடுங்குச்சு. இவர் என்ன சொன்னாரு தெரியுமா? ‘பரவாயில்ல டாக்டர்’னாரு. கண்ணு போனதுக்கு இவருக்குச் சம்மதமா? நீயே சொல்லு!”

பெட்டி பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்லும் பெட்டி அது. பெண் காவலர் கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

“ஆட்சேபம் இருந்தால், ஆட்சேபம் என்று ஏன் சொல்வதில்லை?” என்றது குரலம்மா கடைசியில்.

இதற்குச் சசிதான் பதில் சொன்னான். தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலத்தான் பேசினான். “சொன்னா என்னம்மா ஆகப்போவுது? ஆவாதுன்னு தெரிஞ்ச எடத்துல எதுக்கு வாயக் கெடுத்துக்கணும்? நம்ம வலி நம்மளோட. எதிர்ல நிக்கிறவங்க மனசாவது நோகாம இருக்கட்டும்னு சொல்றதுதான்.”

“அப்படியானால், என்னிடம் மக்கள் அதைச் சொல்லும்போது…” குரலம்மா நிறுத்தியது. “என்னால் ஒன்றும் ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும் என்பதா பொருள்?”

சசிக்குச் சங்கடமாகிவிட்டது. “அப்படியெல்லாம் இல்லம்மா. நீயும் என்ன பண்ணுவ…” என்று தடுமாறினான். பிறகு பழக்கதோஷம், “பரவாயில்ல, விடு” என்றான்.

பச்சை விளக்கு எரியவில்லை.

“பழைய பேச்சுகளை எல்லாம் நான் திரும்பக் கேட்க வேண்டும்” என்றது குரலம்மா.

“அகராதிய மாத்த முடியாதாமே?” என்றாள் தாரணி. கோபம் இன்னும் அடங்கவில்லை.

“அவை அகராதி மொழிபெயர்ப்பாளர்களைக் கட்டுப்படுத்தும். என்னைக் கட்டுப்படுத்துவது மக்கள் மனம் மட்டுமே. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது.”

திரை ஒருநாள் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. மறுநாள் ஆறாம் குடியிருப்புக்கு மட்டுமல்ல, வட்டாரம் முழுக்க எல்லாத் திரைகளிலும் ஒரே சொல் வந்தது: ‘ஆட்சேபம்.’ ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் வரிசையை விட்டுவிட்டுத் திரை முன்னால் கூடினார்கள். மும்தாஜ் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத்தன வருஷமா இது என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்துச்சாம்?” என்றார். அன்றைக்கு இட்லி எல்லோருக்கும் ஓசி.

வாக்கெடுப்பு நாள் வந்தது. ஆளும் கூட்டணிக்குள் சண்டை, ஒரு கட்சி காலை வாரிவிட்டது. மசோதா இழுபறியாகிவிட்டது. பார்வையாளர் மாடத்தில் சசி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அக்கா. தாரணி தன் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தாள். உறுப்பினர்கள் பொத்தானை அழுத்தினார்கள். கடைசியாகக் குரலம்மாவின் முறை. வட்டாரத்துக்கென்று ஓர் இருக்கை உண்டு, அதன்மேல் ஆள் இல்லை, ஒலிபெருக்கி மட்டும்.

“எதிர்ப்பு” என்றது குரலம்மா.

மசோதா ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஒரு ஓட்டு குரலம்மாவுடையது.

பார்வையாளர் மாடத்தில் கைதட்டக் கூடாது. தட்டினார்கள். அக்கா சசியின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் இருந்த தாரணிக்கு, நாற்பத்தெட்டு வயதில் முதல் தடவையாகத் தன் பேச்சு எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது.

இப்போது அந்த வாலைச் சொல்லிவிடுகிறேன்.

சபாநாயகர் எழுந்தார். அவருக்கு முன்னால் இருந்த பெரிய புத்தகத்தைப் புரட்டினார். வட்டாரத்தின் வாக்கு, முடிவை மாற்றாதவரை செல்லும். அந்த ஒரு வாக்கினாலேயே முடிவு மாறுமானால், அதை நீக்கிவிட்டு மறுபடி வாக்கெடுப்பு நடத்த வேண்டும். விதி அப்படி இருந்தது. ஜெயிக்கிற பக்கத்திலேயே எப்போதும் ஓட்டுப் போட்டுவந்த குரலம்மாவுக்கு அந்த விதி தேவைப்பட்டதே இல்லை. அதனால் அது யார் கண்ணிலும் படவில்லை. லோகேஸ்வரன் ‘போடுது’ என்று இழுத்தாரே, அது இதுதான். ஓட்டு உண்டு. உபயோகப்படுகிற அன்றைக்கு மட்டும் கிடையாது!

“மறுவாக்கெடுப்பில் வட்டார உறுப்பினர் விலகி இருப்பார்” என்றார் சபாநாயகர். ஒரு சம்பிரதாயத்துக்காக, “உறுப்பினருக்கு இதில் ஆட்சேபம் உண்டா?” என்றும் கேட்டார். புத்தகத்தில் கேட்கச் சொல்லியிருந்தது போலும். பதில் என்னவாக இருந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவை காத்திருந்தது. ஒலிபெருக்கியில் லேசான இரைச்சல்.

“பரவாயில்லை” என்றது குரலம்மா.

அச்சு அசல் மும்தாஜ் அக்கா சொல்கிற தொனி. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த வட்டாரத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டு மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

தாரணியின் முன்னால் ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேசைத் திரையில் அவை அகராதி தானாகவே சொல்லை எடுத்துக் காட்டியது. ஆட்சேபம் இல்லை. அதைப் படித்தால் போதும். ஒரே மூச்சு. மாதாமாதம் சம்பளம், ஓய்வூதியம், சசிக்கு மருந்து.

அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “உறுப்பினர் சொல்கிறார்: எங்களுக்கு வலிக்கிறது. வலிக்கிறது என்று சொன்னாலும் நீங்கள் எதுவும் செய்யப்போவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, இத்தனை காலமும் நாங்கள்தான் உங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இப்போதும் அதையே சொல்கிறோம்.”

கீழே பல தலைகள் கூண்டை நோக்கி நிமிர்ந்தன. ஒன்றிரண்டு பேர் காதுக்கருவியைக் கழற்றிப் பார்த்தார்கள், கருவியில் கோளாறோ என்று. சபாநாயகர் உதவியாளரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பிறகு ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்த்த சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன. உறுப்பினருக்கு ஆட்சேபம் இல்லை. வாக்கெடுப்பு தொடரலாம்.”

தொடர்ந்தது. இரண்டு பக்கமும் சமமாக வந்தது. சபாநாயகரின் ஓட்டு அரசாங்கத்தின் பக்கம். ஆறாம் குடியிருப்பு போய்விட்டது. ஆளும் பக்கத்தில் மேசையைத் தட்டினார்கள்.

தாரணி கூண்டை விட்டு வெளியே வந்தபோது, சசியை அக்கா நடைவழிக்கு அழைத்து வந்திருந்தார். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் தாரணியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் நடந்துபோனார். சசி சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றான். அந்தக் கட்டடத்தில் அவனுக்கு ஒரு வாசமும் தெரியாது, ஒரு சத்தமும் தெரியாது.

“கேட்டேன்” என்றான். “இங்கிலீஷ்ல நீ சொன்னது பாதிதான் புரிஞ்சுது. குரலம்மா சொன்னது முழுசாப் புரிஞ்சுது.”

லோகேஸ்வரன் வேகமாக வந்தார். பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தாரணியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார்.

“அகராதிய மீறிட்டீங்கம்மா. இன்னையோட… மேலயிருந்து சொல்லிட்டாங்க. அட்டைய வாங்கிக்கச் சொன்னாங்க. என் கையில ஒண்ணும் இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க.”

தாரணி அட்டையைக் கழற்றினாள். நாடா கொண்டையில் சிக்கியது, பிடுங்கி எடுத்தாள். அவர் கையில் கொடுத்தாள்.

“பரவாயில்ல சார்.”

லோகேஸ்வரனின் முகம் சுண்டிப்போனது. அட்டையை வாங்கின கை அப்படியே நின்றது.

“ஏம்மா அப்படிச் சொல்றீங்க?” என்றார். “அதுக்குப் பதிலா நேராத் திட்டிட்டாவது போயிருக்கலாமே.”

தாரணி பதில் சொல்லவில்லை. மொழிபெயர்க்கிற வேலைதான் போய்விட்டதே. சசியின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

“படி இருக்கு” என்றாள். “பாத்து வாங்க.”